மெல்லிய மேல் உதடு: பூச்சு போதுமா, ஊசி வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 34 வயது. சிறு வயதிலிருந்தே மேல் உதடு மெல்லியது. சிரித்தால் இருக்கிற கொஞ்சமும் உள்ளே போய்விடுகிறது. புகைப்படங்களில் பல்லுக்கு மேலே ஒரு கோடு மட்டும்தான் தெரிகிறது. ஃபில்லர், போட்டாக்ஸ், கொழுப்பு ஊசி, நிரந்தர லிப்ஸ்டிக் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊசி என்றாலே எனக்குப் பயம். என் தோழி அழகு நிலையத்தில் ஊசியே இல்லாமல் ஏதோ ஒரு பேனாவால் செய்துகொண்டாள். நானும் அதையே செய்யலாமா? வருடத்துக்கு ஓரிரு முறை எனக்கு உதட்டோரம் கொப்புளம் வரும். இரண்டு மாதத்தில் தங்கையின் திருமணம். வீங்கின உதடு மாதிரி ஆகிவிடக் கூடாது, அதுதான் கவலை. எது எனக்குப் பொருந்தும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பெரும்பாலானவர்கள் "உதடு சின்னதா இருக்கு" என்று மட்டும் சொல்வார்கள். நீங்கள் "சிரித்தால் உள்ளே போய்விடுகிறது" என்று சேர்த்துச் சொன்னீர்கள். எந்தச் சிகிச்சை உங்களுக்குப் பொருந்தும் என்பதில் பாதி விடை அந்த வரியிலேயே இருக்கிறது. ஏனென்றால் உதடு மெல்லியதாகத் தெரிவதற்குக் காரணங்கள் பல, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. காரணத்தைப் பார்க்காமல் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் பிறகு வருத்தப்பட்டு வருகிறார்கள்.

அதனால் முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, முகத்தைத் தளர விட்டு, வாயை மூடிக்கொள்ளுங்கள். சிவந்த பகுதி எவ்வளவு தெரிகிறது? பிறகு உதடுகளை லேசாகப் பிரியுங்கள். மேல் பற்களின் நுனி தெரிகிறதா? மூக்கின் அடியிலிருந்து மேல் உதட்டின் விளிம்பு வரை உள்ள இடைவெளி நீளமாக இருக்கிறதா? கடைசியில் வழக்கமாகச் சிரிப்பது போலச் சிரித்துப் பாருங்கள்.

வாயை மூடியிருக்கும்போதே சிவந்த பகுதி குறைவு என்றால், அங்கே சதைப்பற்று குறைவு என்று பொருள். மூடியிருக்கும்போது போதுமான அளவு இருந்து, சிரிக்கும்போது மட்டும் மறைந்தால், வாயைச் சுற்றி வளையம் போல ஓடும் தசை உதட்டை உள்பக்கமாக மடக்குகிறது. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே இடைவெளி நீண்டு, பேசும்போது மேல் பற்களே தெரியாவிட்டால் அது தோலின் நீளம் சம்பந்தப்பட்டது. வயது கூடும்போது பலருக்கும் இது நடக்கும். இன்னொன்றும் உண்டு, பலர் யோசிப்பதே இல்லை: உதட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிப்பது பற்களும் தாடையும்தான். முன் பற்கள் உள்வாங்கியிருந்தால், அல்லது மேல் தாடை சற்றுப் பின்தள்ளி இருந்தால், உதட்டில் எதைச் செலுத்தினாலும் சரியாக நிற்காது. அப்படிப்பட்டவர்களை நான் முதலில் பல் சீரமைப்பு மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

இந்தச் சோதனைக்குக் கைநீட்டி எடுத்த செல்ஃபி உதவாது. அவ்வளவு அருகிலிருந்து எடுக்கும்போது மூக்கு உண்மையைவிடப் பெரிதாக விழும், முகத்தின் அளவுகளே மாறிப்போகும். ஐந்தாறு அடி தள்ளி நின்று வேறு ஒருவர் எடுத்த படத்தைப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு காரணங்களும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும் என்று தோன்றுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் பேனா விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அது ஒன்றுதான். அந்தக் கருவி ஹையலூரானிக் அமிலம் என்ற, உதட்டை நிரப்பப் பயன்படுத்தும் பொருளை அதிக அழுத்தத்தில் பீய்ச்சித் தோலைத் துளைத்து உள்ளே தள்ளுகிறது. ஊசி இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஊசியில் இருக்கும் கட்டுப்பாடு இதில் கிடையாது. எவ்வளவு ஆழம் போகிறது, எந்த ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் போகிறது என்பது கையில் பிடித்திருப்பவருக்கே தெரியாது. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாக அமைப்பு 2021 அக்டோபரில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பொதுமக்களுக்கும் மருத்துவர்களுக்கும் வெளிப்படையாக எச்சரிக்கை விட்டது. ரத்தக்கட்டு (தோலடியில் ரத்தம் கசிந்து கன்றிப்போவது), தொற்று, கட்டிகள், தழும்பு, ரத்தக்குழாய் அடைப்பு, கண்ணில் காயம் எல்லாம் அந்த எச்சரிக்கையில் இருக்கின்றன. உங்கள் தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மகிழ்ச்சி. உதட்டில் கட்டி தட்டுப்பட்டால் அவரைத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, ஊசியே இல்லாத, தீங்கும் குறைவான வழி மேக்கப்தான். அதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். உதட்டின் நிறத்துக்கு நெருக்கமான லிப் லைனரால் மேல் உதட்டின் நடுப்பகுதியில் மட்டும், இயற்கையான விளிம்பைவிட ஒரு மில்லிமீட்டர் வெளியே கோடு வரையுங்கள். ஓரங்களுக்கு வரும்போது சொந்த விளிம்புக்கே திரும்பிவிடுங்கள். ஓரத்திலும் வெளியே வரைந்தால்தான் பூசியது அப்பட்டமாகத் தெரியும். அடர்ந்த நிற மேட் லிப்ஸ்டிக் மெல்லிய உதட்டை இன்னும் மெல்லியதாகக் காட்டும். நடுவில் சற்று வெளிர் நிறமும் கொஞ்சம் பளபளப்பும் இருந்தால் அங்கே வெளிச்சம் பட்டு உதடு முன்னால் வந்தது போலத் தெரியும். தேர்ந்த ஒப்பனைக் கலைஞர் ஒருவரிடம் ஒரு முறை உட்கார்ந்து கற்றுக்கொண்டால், படம் எடுக்கும் நாட்களுக்கு இதுவே போதும் என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லிப் பிளம்பர் என்று விற்கும் பூச்சுகளில் மென்தால், பட்டை எண்ணெய், இஞ்சி, மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் போன்றவை இருக்கும். உதட்டை எரிச்சல்படுத்தி, ரத்த ஓட்டத்தைக் கூட்டி, லேசாக வீங்கவைப்பதுதான் அவற்றின் வேலை. பலன் சில மணி நேரம் இருந்தாலே அதிகம். எப்போதாவது போட்டுக்கொண்டால் பரவாயில்லை. தினமும் போட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்து உதடு உரிந்து வெடிக்கும்; நம்மைப் போல எளிதில் கருக்கும் தோல் உள்ளவர்களுக்கு ஓரம் கறுத்துப்போகும். அந்தக் கருமை போக மாதங்கள் ஆகும். ஹையலூரானிக் அமிலம் சேர்த்த லிப் பாம் உதட்டை ஈரமாக வைக்கும், அதனால் சுருக்கம் குறைந்து கொஞ்சம் நிரம்பினாற்போல் தெரியும். ஊசியில் போடுவதைப் போல உள்ளே போய்ப் பருமனைக் கூட்டாது. உறிஞ்சி இழுக்கும் கருவிகள் ரத்தக்கட்டைத்தான் தரும், வேண்டாம்.

இப்போது போட்டாக்ஸ். இதை லிப் ஃப்ளிப் என்பார்கள். மேல் உதட்டின் விளிம்பை ஒட்டி நாலைந்து இடங்களில் மிகக் குறைந்த அளவு, பெரும்பாலும் மொத்தமே 4 யூனிட் அளவில், மருந்தைப் போட்டு அந்த வளையத் தசையைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். உள்ளே மடங்கிய உதடு சற்று வெளியே திரும்பும். சிரிக்கும்போது மட்டும் உதடு மறைகிறவர்களுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஆனால் பருமன் ஒரு துளியும் கூடாது. இருப்பதைத் தெரியவைக்கும், அவ்வளவுதான். மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கி, இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும்; இரண்டு மூன்று மாதத்தில் போய்விடும். முதல் சில வாரங்களில் ஸ்ட்ராவில் உறிஞ்சுவது, சீட்டியடிப்பது, "ப", "ம" எழுத்துகளை அழுத்திச் சொல்வது சிரமமாக இருக்கலாம். புல்லாங்குழல் போல ஊதும் கருவி வாசிப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. தசை பலவீனம் தரும் நரம்பு நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும்.

அப்புறம் ஃபில்லர், அதாவது உதட்டுக்குள் ஊசியால் ஜெல்லைச் செலுத்தி நிரப்புவது. உங்களைப் போல உதடே மெல்லியதாக இருப்பவர்களுக்கு உண்மையில் பருமனைக் கூட்டும் வழிகளில் நான் முதலில் யோசிப்பது ஹையலூரானிக் அமில ஃபில்லர்தான். இந்த அமிலத்தை 1934இல் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் கூழிலிருந்து பிரித்தெடுத்தார்கள். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயற்கையாகவே இருக்கிறது. நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இயற்கை வடிவில் செலுத்தினால் உடல் ஓரிரு நாளில் கரைத்துவிடும் என்பதால், அதன் இழைகளை ஒன்றோடொன்று பின்னி ஜெல்லாக மாற்றுகிறார்கள். அந்த ஜெல் உதட்டில் பொதுவாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் நிற்கும்.

நான் இதை மற்றவற்றுக்கு முன்னால் வைப்பதற்கு ஒரே ஒரு காரணம்தான்: பிடிக்காவிட்டால், தவறிப்போனால், கரைத்துவிடலாம். ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியில் செலுத்தினால் ஜெல் ஓரிரு நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே கரைந்துவிடும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உதட்டு ஊசியின் பழைய வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். வியன்னாவில் ராபர்ட் கெர்சுனி என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1899இலேயே வாசலினை ஊசியில் செலுத்தத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து பாரஃபின் மெழுகு பரவியது. சில வருடங்களில் அது கட்டிகளாக இறுகி, இடம் மாறி, தோலையே கெடுத்தது. பிறகு திரவ சிலிக்கோன் வந்து அதே கதையை மறுபடி நடத்தியது. மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற தோல் புரதத்துக்கு அமெரிக்காவில் 1981இல் அனுமதி கிடைத்தது. அது பாதுகாப்பானதுதான், ஆனால் முன்கூட்டியே ஒவ்வாமைச் சோதனை செய்ய வேண்டியிருந்தது, மூன்று நான்கு மாதத்தில் போயும்விட்டது. "ஒரு முறை போட்டால் வாழ்நாள் முழுக்க நிற்கும்" என்று யாராவது உதட்டு ஊசி விற்றால், வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். முகம் மாறிக்கொண்டே இருக்கும். மாறாத பொருளை அதற்குள் வைக்கக் கூடாது.

வீங்கின உதடாகிவிடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. அப்படி ஆவதற்கு அளவும் இடமும்தான் காரணம். ஒரு தேக்கரண்டி 5 மில்லி. உதட்டுக்கு வரும் ஒரு சிரிஞ்ச் 1 மில்லி. முதல் முறைக்கு அரை மில்லியே பலருக்குப் போதும். மேல் உதடு கீழ் உதட்டைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருப்பதுதான் பெரும்பாலான முகங்களுக்கு இயல்பு. இரண்டையும் சமமாக்கினால்தான் பார்ப்பவர் கண் அங்கே போய் நிற்கும். அரை மில்லி போட்டு, இரண்டு வாரம் பொறுத்து, தேவைப்பட்டால் கொஞ்சம் சேர்க்கலாம் என்று சொல்லும் மருத்துவரைத் தேடுங்கள். ஒரே அமர்வில் பெரிய மாற்றம் காட்டுகிறேன் என்பவரை விடுங்கள். அதே போல, ஆறு மாதம் ஆகிவிட்டது என்பதற்காகவே மறுபடி போய்ப் போட்டுக்கொள்ளாதீர்கள். சிலருக்குப் பழைய ஜெல் நினைத்ததைவிட நெடுநாள் தங்கியிருக்கும். அதன் மேல் மேலும் மேலும் போட்டால் அது உதட்டின் விளிம்பைத் தாண்டி மேலே நகர்ந்து, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு திண்டு போலத் தெரியும். அப்படி ஆனவர்களுக்கு நாங்கள் முதலில் எல்லாவற்றையும் கரைத்துவிட்டுத்தான் அடுத்ததை யோசிப்போம்.

ஆபத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று நாள் வீக்கம், சிறு ரத்தக்கட்டு, தொட்டால் நோவு பலருக்கும் வரும். அரிதாக, ஆனால் உண்மையாகவே வரக்கூடியது ரத்தக்குழாய் அடைப்பு. உதட்டுக்குள் தமனிகள் ஓடுகின்றன. ஜெல் அதற்குள் போனாலோ அதை அழுத்தினாலோ அந்தப் பகுதிக்கு ரத்தம் நின்றுவிடும். தோல் வெளுக்கும், பிறகு வலை பின்னியது போல ஊதா நிறத் திட்டுகள் வரும், சாதாரண நோவைவிட அதிகமாக வலிக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்ப நேரமாகும். மரத்துப்போக மருந்து கலந்திருப்பதால் முதலில் வலி தெரியாமலும் போகலாம். அதனால் நிறத்தைக் கவனியுங்கள். இப்படி ஏதாவது தெரிந்தால் காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. சில மணி நேரத்துக்குள் கரைக்கும் மருந்து போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், தாமதித்தால் தோல் அழுகும். மிக மிக அரிதாகப் பார்வை இழப்பும் நடந்திருக்கிறது. பார்வையில் திடீர் மாற்றம் தெரிந்தால் அந்த நொடியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஒரு பெண் என்னிடம் மூன்றாம் நாள் வந்தார். ஊசி போட்ட இடத்தில் "வீக்கம்தான், ஐஸ் வையுங்கள்" என்று தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். உதட்டோரத்தில் ஏற்கனவே கருத்த திட்டு. உதடு பிழைத்தது, சின்னத் தழும்பு தங்கிவிட்டது. அவர் முதல் நாள் இரவே வந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் நீங்கள் எந்த மருத்துவரிடம் போனாலும், விலையைக் கேட்பதற்கு முன்னால் இவற்றைக் கேளுங்கள். கரைக்கும் மருந்து இப்போது இந்த அறையில் இருக்கிறதா? இரவில் ஏதாவது ஆனால் யாரை அழைப்பது? ஃபில்லர் பெட்டியை என் முன்னால் பிரிப்பீர்களா, அதில் இருக்கும் தொகுதி எண் ஸ்டிக்கரை எனக்குத் தருவீர்களா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். உங்களுக்குத் தேனீ கொட்டி எப்போதாவது கடுமையான ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் முன்பே சொல்லுங்கள். கரைக்கும் மருந்தான ஹையலூரோனிடேஸ் வகை நொதி தேனீயின் விஷத்திலும் இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு ஊசி என்பது வயிற்றிலோ தொடையிலோ எடுத்த உங்கள் சொந்தக் கொழுப்பு. எப்போதும் அசையும் உதட்டில் அது எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. வீக்கமும் அதிக நாள் இருக்கும். உதட்டுக்காக மட்டும் அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன். சிலிக்கோன் துண்டை உள்ளே வைக்கும் முறையில் முத்தமிடும்போதும் பேசும்போதும் அது தட்டுப்படலாம், இடம் மாறலாம். மூக்கின் அடியில் தோலை எடுத்து உதட்டை உயர்த்தும் அறுவைச் சிகிச்சை, இடைவெளி நீண்டவர்களுக்கு ஊசிகளைவிட நல்ல பலன் தரும். ஆனால் நிரந்தரமானது, தழும்பும் மூக்கின் அடியிலேயே இருக்கும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நிரந்தர லிப்ஸ்டிக் என்பது பச்சை குத்துவதுதான். நிறமும் விளிம்பும் தெளிவாகும், பருமன் கூடாது. நிறம் பிடிக்காமல் போனால் எடுப்பது கடினம். சில சாயங்கள் லேசர் பட்டால் இன்னும் கறுக்கும்.

இப்போது உங்கள் கொப்புளம். நீங்கள் சொல்வது ஹெர்ப்பீஸ் வைரஸால் வரும் கொப்புளமாகத்தான் இருக்கும். ஒரு முறை வந்தால் அந்த வைரஸ் நரம்பில் உறங்கிக்கொண்டே இருக்கும். உதட்டைக் குத்தினால், அது ஃபில்லர் ஊசியானாலும் பச்சை குத்தும் ஊசியானாலும், விழித்துக்கொள்ளலாம். நீங்கள் தற்செயலாக எழுதிய இந்த வரியை மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். ஊசிக்கு முன்பே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்குவார். அன்றைக்குக் கொப்புளம் இருந்தால், ஒரு புள்ளி அளவு இருந்தாலும், தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

ஊசிப் பயத்துக்கும் வழி இருக்கிறது. மரத்துப்போகும் க்ரீமை முன்பே தடவி வைப்பார்கள். பெரும்பாலான உதட்டு ஃபில்லர்களில் லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்தே வருகிறது. அதுவும் போதாது என்றால் பல் மருத்துவர் செய்வது போல நரம்பையே மரத்துப்போகச் செய்யலாம். படுத்துக்கொண்டு செய்யச் சொல்லுங்கள், மயக்கம் வருகிறவர்களுக்கு அது நல்லது.

உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் இப்படித்தான் சொல்வேன். இந்த வாரமே தோல் மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைப் பார். கண்ணாடிச் சோதனையில் வாயை மூடியிருக்கும்போதே உதடு குறைவாகத் தெரிந்தால் அரை மில்லி ஃபில்லர் மட்டும், திருமணத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே. வீக்கம் வடிந்து உண்மையான வடிவம் தெரிய இரண்டு வாரம் ஆகும். திருத்தம் வேண்டுமானால் மீதி இரண்டு வாரம் கையில் இருக்கும். சிரிக்கும்போது மட்டும்தான் பிரச்சினை என்றால் லிப் ஃப்ளிப். அதையும் மூன்று நான்கு வாரம் முன்பே முடித்துவிடு. இரண்டையும் ஒரே நாளில் முதல் முறை செய்யாதே, எது என்ன செய்தது என்று தெரியாமல் போகும். ஊசிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்துகொள்வது, பல் பிடுங்குவது வேண்டாம். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன், மீன் எண்ணெய் மாத்திரை ரத்தக்கட்டைக் கூட்டும்; இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் தாங்களாகவே நிறுத்தக் கூடாது.

திருமணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை என்ற நிலை வந்துவிட்டால், ஊசியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு லைனரும் கொஞ்சம் பளபளப்பும் போதும்.